வில்லாவுக்கு ஒரு பாரதப் பெயர்

பெரியப்பா மகன் அழகர்கோவில் சாலையில் 40 சென்ட் இடத்தில் ஒரு வில்லா கட்டுகிறார். குடியிருக்க இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வருகிற வெளியூர்க் குடும்பங்கள், மீனாட்சியைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க இடம் தேடுகிற ஜோடிகள் என இவர்களுக்கு நாள் வாடகைக்கு விட. தளம் போட்ட மறுநாள் போன் செய்தார்.

"தம்பி, மகாபாரதத்துல இருந்து கெத்தா ஒரு பேரு சொல்லுடா. ஆர்க்கிடெக்ட் இந்திரப்பிரஸ்தானு வைக்கலாங்கிறாரு."

"அண்ணே, அந்த இந்திரப்பிரஸ்தம் கடைசியில என்னாச்சுன்னு அவருக்குத் தெரியுமா?"

"கடைசியில என்னாச்சுன்னு யார்றா பாக்கப்போறா? போர்டைத்தான பாப்பான்."

போர்டைத்தான் பார்ப்பான் என்பது உண்மை. ஆனால் இதிகாசத்திலிருந்து எடுத்த பெயர் போர்டோடு நிற்காது. கதையில் எந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்தாலும் அதற்கு முந்தின பக்கமும் பிந்தின பக்கமும் ஒட்டிக்கொண்டே வரும். பாட்டி மடியில் கதை கேட்டு வளர்ந்த ஊரில் இதை மறைக்கவும் முடியாது.

வீட்டுக்குப் பெயர் வைப்பது மதுரைக்குப் புதிதில்லை. திருமலை நாயக்கர் 1636ல் கட்டிய அரண்மனையின் பகுதிகளுக்கே சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று பெயர் இருந்தது. (விலாசம் என்றால் ஒய்யாரம், களிப்பு. முகவரிக்கும் நாம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். பெயர்தான் முகவரி என்று சொல்லிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.) அப்புறம் வந்த வீடுகளில் மீனாட்சி நிவாஸ், அன்னை இல்லம், முருகன் துணை. அவை வீட்டுக்காரரின் பக்தியையோ பாசத்தையோ சொன்ன பெயர்கள். இப்போது வருகிற சொகுசு வில்லாவின் பெயருக்கு வேலை வேறு. வருகிறவனுக்கு ஒரு கதையை விற்கவேண்டும். லோகோ, அறைகளின் பெயர், சுவரோவியம், சாப்பாட்டு மெனு எல்லாம் அந்த ஒரு பெயரிலிருந்து கிளைக்க வேண்டும். நீச்சல் குளமும் குளிர்சாதனமும் எல்லா வில்லாவிலும் உண்டு. பெயரும் கதையும்தான் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். இதிகாசத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள், யாருக்கும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் இந்தக் கிராக்கி.

சரி, இந்திரப்பிரஸ்தத்துக்கு வருவோம். பாண்டவர்களுக்குப் பங்காகக் கிடைத்த காண்டவப்பிரஸ்தத்தில் எழுந்த நகரம் அது. பக்கத்திலிருந்த காண்டவ வனத்தை அக்னிக்கு இரையாகக் கொடுத்தபோது, உள்ளே இருந்த உயிர்கள் வெளியே தப்பாதபடி கண்ணனும் அர்ச்சுனனும் இரு பக்கமும் காவல் நின்றார்கள். தப்பிய மிகச் சிலரில் ஒருவன் மயன், அசுரர்களின் தச்சன். உயிர்ப்பிச்சை கொடுத்ததற்கு நன்றியாக அவன் கட்டிக்கொடுத்ததுதான் அந்தச் சபா மண்டபம். கைலாயத்துக்கு வடக்கே பிந்து சரஸிலிருந்து மணிகளும் பளிங்கும் கொண்டுவந்து 14 மாதத்தில் முடித்தான் என்கிறது பாரதம். இன்றைக்கு எந்த கான்ட்ராக்டர் சொன்ன தேதியில் முடித்துக் கொடுக்கிறார் என்று யோசித்தால் மயன் மேல் மரியாதை கூடும். மயன் நம் ஊர் ஸ்தபதிகளுக்கும் அந்நியன் இல்லை. அவன் பெயரில் இருக்கிற மயமதம் இன்றும் அவர்கள் புரட்டுகிற நூல்.

அந்த மண்டபத்துக்குள் துரியோதனன் நடந்த காட்சிதான் இதிகாசத்திலேயே மிகத் துல்லியமான 'இன்டீரியர்' விமர்சனம். பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அடுத்து நிஜத் தண்ணீரைத் தரை என்று நினைத்துத் துணியோடு விழுந்தான். திறந்த வாசல் என்று எண்ணிப் பளிங்குக் கதவில் முட்டிக்கொண்டான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலிருந்து பொறாமை, பொறாமையிலிருந்து சூது, சூதிலிருந்து மண்டபம் உட்பட எல்லாம் போயிற்று. விளிம்பு தெரியாத நீச்சல் குளமும் ஆளுயரக் கண்ணாடிக் கதவும் வைத்துக் கட்டுகிற வில்லாவுக்கு இந்தப் பெயர் பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் கதையில் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி அவமானப்பட்டுத் திரும்பினான். காசு கொடுத்துத் தங்க வருகிறவனுக்கு அதையா நினைவூட்டுவது?

பாரதத்திலேயே பெயர் சூட்டப்பட்ட வீடு ஒன்று உண்டு என்று சொன்னால் அண்ணன் நம்பவில்லை. வாரணாவதத்துக்குப் போன பாண்டவர்களைத் துரியோதனனின் கையாள் புரோசனன் பத்து நாள் வேறு இடத்தில் தங்கவைத்து உபசரிக்கிறான். பிறகு, புதிதாக ஒரு வீடு தயாராக இருக்கிறது என்று அழைத்துப் போகிறான். அந்த வீட்டின் பெயர் 'சிவம்', அதாவது மங்கலம். பெயர் சிவம், ஆனால் உண்மையில் அசிவம் என்று வியாசர் ஒரே வரியில் குத்துகிறார். அதுதான் அரக்கு மாளிகை. உள்ளே நுழைந்ததுமே தருமனுக்கு நெய்யும் அரக்கும் கலந்த வாடை அடித்துவிடுகிறது. பெயர்ப்பலகை, அலங்காரம், உபசாரம் எல்லாம் பிரமாதம். சுவருக்குள் இருந்ததுதான் கோளாறு. புது வீடு வாங்குகிற எல்லாருக்கும் தருமனின் மூக்கு வேண்டும்.

மற்றப் பெயர்களை வேகமாகத் தாண்டிவிடலாம். பஞ்சவடி அழகான பெயர், சீதையைத் தூக்கிப் போன இடம். அசோகவனம் எவ்வளவு பூத்தாலும் சிறை. புஷ்பகம் குபேரனிடமிருந்து பிடுங்கியது. அயோத்தி என்றால் போரால் வெல்ல முடியாதது. வாசலைத் தாண்டிப் போனவர் திரும்பி வர 14 வருடம் ஆயிற்று. வைகுண்டம், கைலாசம் என்று தமிழ்நாட்டில் தங்கும் விடுதிக்குப் பெயர் வைக்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும். "எங்க தங்கியிருக்கீங்க?" "வைகுண்டத்துல" என்று சொல்ல நம் ஊர்க்காரர் யாரும் வாயெடுக்கமாட்டார்.

இவ்வளவு தூரம் வடக்கே அலைவதற்கு முன்னால் அண்ணன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மகாபாரதத்துக்கும் மதுரைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. தேனிப் பக்கம் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேட்டில், முன்னோர் பெருமையாக 'மகாபாரதம் தமிழ்ப்படுத்தும் மதுராபுரிச் சங்கம் வைத்தும்' என்று ஒரு வரி வருகிறது. 10ஆம் நூற்றாண்டுச் செப்பேடு. வெற்றி கொண்ட போர்களோடு சேர்த்துச் சொல்கிற அளவுக்குப் பாரதத்தைத் தமிழில் கொண்டுவந்தது அவர்களுக்குப் பெரிய காரியமாக இருந்திருக்கிறது.

அதைவிட நெருக்கமானது அர்ச்சுனன் தென்னாடு வந்த கதை. திரௌபதியோடு ஒரு சகோதரன் தனித்திருக்கும்போது இன்னொருவன் உள்ளே போகக்கூடாது, போனால் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்பது ஐவருக்குள் ஒப்பந்தம். ஓர் அந்தணரின் பசுக்களைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டு போக, உள்ளே இருந்த ஆயுதத்தை எடுக்க அர்ச்சுனன் அந்த விதியை மீறுகிறான். தருமன் மன்னித்தும் கேட்காமல் தீர்த்த யாத்திரை கிளம்பிவிடுகிறான். கலிங்கம் தாண்டி, மகேந்திர மலையைப் பார்த்து, கடலோரமாக வந்து ஒரு நகரத்தை அடைகிறான். அந்த நகரத்தின் பெயர் சில சுவடிகளில் மணிபூரம், சிலவற்றில் மணலூரம். வடகிழக்கில் இருக்கிற மணிப்பூர் இந்தக் கதையைத் தனதென்று கொண்டாடுகிறது. தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் கொஞ்சமும் தயங்கவில்லை. அருச்சுனன் தீர்த்த யாத்திரைச் சருக்கத்தில் அவனை நேராகப் பாண்டியன் வீட்டு மாப்பிள்ளையாக்கிவிடுகிறார்.

அரசன் பெயர் சித்திரவாகனன், மகள் சித்திராங்கதை. பெண் கேட்ட அர்ச்சுனனிடம் அரசன் ஒரு நிபந்தனை போடுகிறான். எங்கள் வம்சத்தில் தலைமுறைக்கு ஒரே பிள்ளை என்று சிவன் கொடுத்த வரம். எனக்கு முன் எல்லாருக்கும் ஆண் பிறந்தது, எனக்கு மகள். இவளுக்குப் பிறக்கும் மகன் என் வாரிசாக இங்கேயே இருக்கவேண்டும். அர்ச்சுனன் சம்மதிக்கிறான், மூன்று வருடம் தங்குகிறான், அப்புறம் கிளம்பிப் போகிறான். அரண்மனை, நாடு, மகன் பப்புருவாகனன் எல்லாம் அவளோடு. வந்தவன் வந்தான், இருந்தான், போனான். வீடு பெண்ணுடையது.

அண்ணனுக்கு இதைத்தான் அழுத்திச் சொன்னேன். இந்திரப்பிரஸ்தம் கட்டினவனின் கதை, மணலூர் தங்க வந்தவனின் கதை. நாள் வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு எந்தக் கதை வேண்டும்? கோயில் குளம் பார்த்துக்கொண்டு ஊர் ஊராக வந்தவன், நான்கு நாள் இருக்க வேண்டியவன் மூன்று வருடம் இருந்துவிட்டான். ஒரு விடுதிக்கு இதைவிட நல்ல சாட்சி யார் சொல்லப்போகிறார்கள்? (பிற்பாடு அசுவமேதக் குதிரைக்குப் பின்னால் இரண்டாம் முறை வந்தபோது மகன் கையாலேயே விழுந்து, நாககன்னி மனைவி உலூபியின் நாகமணியால் எழுந்தான். அதை பிரோஷரில் போடவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.)

மணலூர் என்ற பெயரில் ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. மதுரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், வைகைக்குத் தெற்கே, கீழடிக்குப் பக்கத்தில். 2020ல் நடந்த ஆறாம் கட்ட அகழாய்வில் கீழடி, கொந்தகை, அகரத்தோடு மணலூரிலும் குழி போட்டார்கள். திருவிளையாடல் புராணமோ, மதுரைக்கு முந்தைய பாண்டியன் தலைநகரை மணவூர் என்கிறது. அங்கிருந்து வணிகத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் கடம்பவனத்தில் இரவு தங்கின வணிகன், தேவர்கள் சிவலிங்கத்தைப் பூசிப்பதைப் பார்த்து வந்து அரசனிடம் சொல்ல, காட்டைத் திருத்தி மதுரை எழுந்தது. அந்த வணிகன் பெயர் தனஞ்சயன். அது அர்ச்சுனனுக்கும் பெயர். தற்செயல்தான், ஆனாலும் படிக்கும்போது ஒரு கணம் நின்றுதான் போகவேண்டியிருக்கிறது. அங்கே காண்டவ வனத்தை எரித்துப் பாண்டவர் வளம் பெருக்கினார்கள், இங்கே கடம்பவனத்தைத் திருத்தி மதுரை. எரிப்பதற்கும் திருத்துவதற்கும் உள்ள வித்தியாசம் மனை போடுகிறவர்களுக்குத் தெரிந்தால் நல்லது.

ஓர் எச்சரிக்கை. மணலூரும் மணவூரும் மணிபூரமும் ஒன்றே என்று சொல்கிறவர்கள் உண்டு. கீழடியில் கிடைத்தவை செங்கல் கட்டுமானம், உறைகிணறு, கயிறு கட்டத் துளையிட்ட கூரை ஓடு, தந்தத்தில் செய்த பகடைக்காய். பகடையைப் பார்த்ததும் சகுனி நினைவு வரும், எனக்கும் வந்தது. ஆனால் அது சகுனியுடையது இல்லை, அந்தக் கட்டுமானம் சித்திராங்கதையின் அரண்மனையும் இல்லை. கதையைக் கதை என்றே சொல்லி விற்கலாம். '2600 ஆண்டுப் பாண்டவ பூமி' என்று போட்டால் அது புரோசனன் வேலை.

மணலூர்க் கதையை மக்கள் எடுத்துப் போன இடம் வேறு. காவியத்துச் சித்திராங்கதை ஏட்டில் இருக்க, அம்மானைப் பாட்டில் அல்லி பிறந்துவிட்டாள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிற அல்லி அரசாணி மாலையில் அவள் மதுரையை ஆள்கிறாள். படையிலும் பெண், மந்திரியிலும் பெண், ஆண் வாடையே ஆகாது. அர்ச்சுனனுக்கு நேர்வழி எதுவும் செல்லாமல், கண்ணன் பாம்பாட்டியாக, இவன் பாம்பாக உள்ளே போய், அவள் தூங்கும்போது தாலி கட்டுகிறான். இன்றைக்குப் படித்தால் முகம் சுளிக்கத்தான் வைக்கிறது. தேன்நிலவு அறைச் சுவரில் தீட்டுகிற காட்சி இல்லை இது. ஆனால் ஊர் எதை நினைவில் வைத்தது பாருங்கள். அர்ச்சுனனின் தந்திரத்தை யாரும் பழமொழியாக்கவில்லை, 'அல்லி ராஜ்ஜியம்', 'அல்லி தர்பார்' என்பதுதான் இன்றும் வாயில் புழங்குகிறது. இவள் மகன் புலந்திரன் பவளத் தேர் கேட்டு அடம்பிடிக்க, தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடியையும் கட்டிக்கொண்டது அடுத்த கதை. 1918ல் மதுரையில் நாடக சபை தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் இரண்டையும் மேடைக்கு எழுதினார். கோயில் கொடைகளில் விடிய விடிய நடக்கும் பவளக்கொடி நாடகத்தைப் பார்த்த தலைமுறை மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது.

பாண்டவர் பெயரில் இந்தப் பக்கம் உண்மையான வீடுகளும் உண்டு. கீழவளவு, வரிச்சியூர், கொங்கர் புளியங்குளம் போன்ற இடங்களில் மலைக் குகைகளில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளைக் கிராமத்தார் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். செய்தது 2000 ஆண்டுக்கு முன் சமண முனிவர்களுக்காக. தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டே பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் வனவாசத்தில் ஐவர் படுத்த இடம் என்று சொல்லித் தந்தது யாரோ ஒரு பாட்டனின் பாட்டன். கீழவளவில் ஒரு சித்திரை மதியம் அதில் படுத்துப் பார்த்திருக்கிறேன். தலைமாட்டில் கல்லிலேயே தலையணை மாதிரி ஒரு மேடு. வெளியே பாறை அனலாகக் கொதிக்க, முதுகுக்குக் கீழே சில்லென்று இருந்தது. குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் அந்தக் கோட்டோடு சொட்டிவிடும். ஏசி இல்லாமல் மதுரை வெயிலில் ஒரு மனிதன் எப்படி இருக்கலாம் என்பதற்கு அந்த ஒரு காடியும் குளிர்ந்த கல்லும் போதும். வில்லாவுக்குப் பாண்டவர் அடையாளம் வேண்டுமென்றால் தங்க முலாம் தேடாமல் இந்தக் குகையிலிருந்து ஆழமான தாழ்வாரத்தையும் கல் திண்ணையையும் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தால் எதிரே தெரிந்தது வெட்டிப்போட்ட கிரானைட் குழி. மேலூர் வட்டாரத்தில் எத்தனை குன்றுகள் பலகையாகிப் போயின என்பது 2012ல் கிரானைட் முறைகேடு வெளிவந்தபோதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பாண்டவர் மலைக்குப் பக்கத்துக் குன்றை அறுத்த பலகையில் தரை போட்டு, அந்த வீட்டுக்குப் பாண்டவர் பெயரும் வைத்தால் காண்டவ வனக் கதை முழுசாகப் பொருந்திவிடும். அண்ணன் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாமா என்று அப்புறம் கேட்டார். கண்ணாடி மேல் சாயம் ஊற்றிக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிற அந்தக் கல் காலுக்கும் குளிர்ச்சி. 2023ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். அதைப் போய்ப் பாருங்கள் என்றேன்.

ராமாயணம்தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் பாண்டிய நாட்டுப் பக்கம் இருக்கிறது. கிஷ்கிந்தா காண்டத்தில் தெற்கே தேடப் போகிற வானரங்களுக்குச் சுக்ரீவன் வழி சொல்கிறான். பொன்னால் செய்து முத்தும் மணியும் பதித்த பாண்டியரின் கவாடத்தைப் பார்ப்பீர்கள் என்கிறான். கவாடம் என்றால் கதவு. இடைச்சங்கம் இருந்ததாகச் சொல்லும் கபாடபுரத்தோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. கோபுரமும் சிம்மாசனமும் இல்லை, வால்மீகிக்குத் தெரிந்த பாண்டிய நாட்டின் அடையாளம் ஒரு வாசற்கதவு! வில்லாக்காரர்கள் பல லட்சம் செலவழித்து லோகோ தேடுகிறார்கள். குமிழ் வைத்த ஒரு தேக்குக் கதவு அங்கே சும்மா நின்றுகொண்டிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அகநானூற்றின் 70ஆம் பாட்டு. பாடியவர் மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார், இந்த ஊர்க்காரர். பாண்டியரின் பழைய கோடித் துறையில் (தனுஷ்கோடி என்பார்கள்) இராமன் மறைவான ஆலோசனை நடத்தும்போது, ஆலமரத்துப் பறவைகளின் சத்தத்தை அடக்கினானாம். தலைவன் தலைவியைக் கைப்பிடிக்க வந்ததும் ஊர்ப் புரளி எப்படி அடங்கிற்று என்பதற்கு அதை உவமை சொல்கிறார்: 'பல்வீழ் ஆலம் போல ஒலி அவிந்தன்று இவ் அழுங்கல் ஊரே.' ராமன் பெயரைப் பலகையில் எழுதாமல், வாசலில் ஓர் ஆலமரத்தை மட்டும் வெட்டாமல் விட்டாலே இந்தக் கதை வந்து உட்கார்ந்துவிடும். அண்ணன் இடத்தில் ஆலமரம் இல்லை. ஒரு வேம்பு இருக்கிறது, கார் நிறுத்த இடைஞ்சல் என்று அதன் மேல் சுண்ணாம்புக் குறி போட்டிருந்தார்கள். போன வாரம் போனபோது குறியை அழித்திருந்தது.

பெயர் விஷயம் கடைசியில் அண்ணியிடம் போனது. நான் அனுப்பிய மணலூர், சித்திராங்கதை, கவாடம் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "பட்டா என் பேர்ல, லோன் என் பேர்ல. அல்லினே வைங்க" என்றார்.

"ஊர்ல அல்லி தர்பார்னு சிரிப்பானுங்க" என்றார் அண்ணன்.

"ரூம் புக் பண்ணிட்டுச் சிரிக்கட்டும்."